அத்தை பேரில் இருந்த மீன்

அருங்காட்சியகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'ரம்பம்' என்பார்கள். வாய் ஓயாமல் பேசி அறுப்பதால் வந்த பேர் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதி உண்மை. மீதி என்னவென்றால், என் வேலையே அறுப்பதுதான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் செத்துக் கல்லாகிப்போன எலும்பில் ஒரு துண்டை எடுத்துப் பிசினில் பதித்து, வைர ரம்பத்தில் அறுத்து, கண்ணாடித் தட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்ப்பேன். அதற்கு மேல் ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் எலும்பு காணாமல் போய்விடும், கண்ணாடிதான் மிஞ்சும். தேய்த்ததை நுண்ணோக்கியில் வைத்தால் அந்தப் பிராணி வளர்ந்த கதை கோடு கோடாகத் தெரியும். தீனி கிடைத்த மாதங்களில் எலும்பு அகலமாக வளரும். கிடைக்காத மாதங்களில் வளர்ச்சி நின்று, கறுத்த கோடு ஒன்று விழும். ஒரு கோடு என்றால் ஒரு வருஷம்.

எங்கள் அருங்காட்சியகத்தின் பெருமையே இரண்டு மீன்கள்தான். இரண்டும் நாலு கோடி வருஷம் பழசு. இரண்டும் ஒரே பழைய ஏரிப் படுகையின் பாறையில் கிடைத்தவை. பெரியது பதினாறடி நீளம். முதலைக்கு இருக்கிற மாதிரி நீண்ட மூஞ்சி. உடம்பு முழுக்க என் உள்ளங்கை அகலத்துக்குச் சாய்சதுரச் செதில்கள், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒவ்வொரு செதிலிலும் வரப்பு வரப்பாகப் புடைப்பு. சின்னது ஒன்றரை அடி. செதில் வழவழவென்று இருக்கும். கண்குழி மட்டும் தலைக்குப் பொருந்தாத பெரிசு.

பெரிய மீனுக்கு நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் பேர் வைத்தார். சின்ன மீனைத் தனி இனம் என்று நிரூபித்து, முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதற்குப் பேர் வைத்தவர் என் மாமனார். வைத்த பேர் என் மாமியாருடையது, கடைசியில் ஒரு லத்தீன் வால் ஒட்டி. சும்மா ஆசைக்கு வைக்கவில்லை. மீனைக் கண்டுபிடித்ததே அத்தைதான். கல்யாணமான புதிதில் மாமா பாறை உடைக்கப் போன இடத்துக்கு அத்தையும் கூடப் போயிருக்கிறார். வெயில் தாங்காமல் ஒரு கல்லில் உட்காரப் போனவர், உட்காராமல் நின்று, "என்னங்க, இங்க கல்லுல யாரோ தையல் போட்டிருக்காங்க" என்றாராம். அத்தை தையல்காரர். ஒழுங்காக ஓடுகிற எந்த வரிசையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அன்று செதில் வரிசை தப்பவில்லை.

சொந்தக்காரர்களுக்கு அவர் 'மீன்காரம்மா'. கேட்டால் முகத்தைச் சுளிப்பார். ஆனால் துணி தைக்க வரும் ஒவ்வொருத்தியிடமும், "என் பேர்ல ஒரு மீன் இருக்கு தெரியுமா?" என்று எப்படியாவது பேச்சைக் கொண்டுவந்துவிடுவார்.

மாமா ஓய்வு பெற்ற பிறகுதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அருங்காட்சியக லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் அவருடைய மகன். உள்ளே மாட்டியிருந்தது நான். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

போன வருஷம் மீன் கூடத்தைப் புதுப்பிக்க முடிவானது. காப்பாளர் என்னைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கத் தெரியாத பெண்மணி.

"வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வி இதுதான். இவ்வளவு பெரிய மீனுக்கு வயசு என்ன? நம்மகிட்ட பதில் இல்ல. அறுத்துச் சொல்லும்மா. இருபதாம் தேதி விவர அட்டை அச்சுக்குப் போகணும்."

பெரிய மீனின் முதுகுத் துடுப்பு முள்ளில் ஒரு சில்லும், கழன்று கிடந்த செதில் ஒன்றும் எடுத்து அறுத்தேன். முள்ளில் நாற்பத்தேழு கோடுகள். முதல் பத்துப் பன்னிரண்டு கோடுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. பிள்ளை கிடுகிடுவென்று வளர்ந்திருக்கிறது. அப்புறம் இடைவெளி குறைந்துகொண்டே போய், ஓரத்தில் கோடுகள் சீட்டுக்கட்டு மாதிரி நெருங்கிக் கிடந்தன. வளர்ந்து முடித்துவிட்டு, பெரிசாகாமல் நிம்மதியாக உயிரோடு இருந்த வருஷங்கள் அவை. நடுவில், இருபதை ஒட்டி, ஒரு ஐந்து வருஷம் மட்டும் இடைவெளி திடீரென்று சுருங்கியிருந்தது. ஏரியில் தண்ணீர் வற்றியிருக்கலாம், என்ன கஷ்டமோ. பிறகு பழையபடி விரிந்திருந்தது.

அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதன் பிறகுதான் செதிலை நுண்ணோக்கியில் வைத்தேன்.

இந்த மாதிரித் தடிச் செதில் அடுக்கு அடுக்காக வளரும். பழைய அடுக்கு எங்கேயும் போகாது, புது அடுக்குக்கு அடியில் அப்படியே இருக்கும். பெரிய மீனின் செதிலில் வெளியே வரப்பு வரப்பாகப் புடைப்பு. ஆனால் உள்ளே, நடுமையத்தில், புடைப்பே இல்லாத வழவழப்பான ஒரு குட்டிச் செதில் உட்கார்ந்திருந்தது. அதன் அகலம், சாய்வு, மூலையின் கூர்மை எல்லாம் எனக்குப் பழக்கமானவை. தினமும் காலையில் கூடத்தைத் தாண்டி வரும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்திருக்கிறேன். அத்தையின் மீனுடைய செதில்.

காப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லாமலே அனுமதி வாங்கி, சின்ன மீனில் ஒரு விலா எலும்பு நுனியையும் ஒரு செதிலையும் அறுத்தேன். மூன்றே கோடுகள். மூன்றும் தள்ளித் தள்ளி. ஓரத்தில் நெருக்கமே இல்லை. வளர்ந்து முடித்த சின்ன மீனாக இருந்தால் கோடுகள் ஓரத்தில் நெருங்கியிருக்க வேண்டும். எலும்புக்குள்ளே ரத்தக்குழாய் ஓடின துளைகள் கடற்பஞ்சு மாதிரி நிறைந்து கிடந்தன. வேகமாக வளர்கிற எலும்புக்கு மட்டும்தான் அப்படி இருக்கும். அந்தப் பெரிய கண்ணுக்கும் அதுதான் காரணம். எந்தக் குழந்தைக்கும் முக அளவுக்குக் கண் பெரிசாகத்தான் இருக்கும்.

அது தனி இனமே இல்லை. பதினாறடி மீனின் மூன்று வயசுக் குட்டி.

ஒரே பிராணிக்கு இரண்டு பேர் வைத்துவிட்டால், முதலில் வைத்த பேர்தான் நிற்கும் என்பது எங்கள் துறையின் சட்டம். முதலில் பேர் வைத்தது பெரிய மீனுக்கு. அத்தை பேர் போய்விடும்.

வீட்டுக்குப் போய் மாமாவின் அறை வாசலில் நின்றேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பழைய நோட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு? ரம்பம் ஒடஞ்சிடுச்சா?"

"மாமா, சின்ன மீனை அறுத்துப் பார்த்தேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. பெரிய மீன் செதிலுக்குள்ள..." என்று தொடங்கி முழுசாகச் சொன்னேன். கைபேசியில் எடுத்த படங்களையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பல்லை எண்ணினியா? கீழ்த்தாடையில சின்னதுக்கு முப்பத்தாறு. பெரிசுக்கு இருபத்திரண்டு. வளர வளர பல்லு குறையுமா?"

"சில மீன்ல குறையும் மாமா."

"சில மீன்ல! ஒன்றரை அடிக்கும் பதினாறடிக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. ஒரு ஆறடி மீன் காட்டு. செதில் பாதி வழவழப்பு, பாதி புடைப்புன்னு காட்டு. பல்லு முப்பதுன்னு காட்டு. அப்ப ஒத்துக்கறேன். அதுவரைக்கும் இது வெறும் யூகம்." குரல் ஏறிவிட்டது. "மூணு கோட்டைப் பார்த்துட்டு முப்பது வருஷ வேலையைத் தள்ளிட முடியாது."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நடுவில் ஒரு படி இல்லாமல் ஏணி கிடையாது. ஆனால் எப்போதும் என்னை 'அம்மா' போட்டுப் பேசுகிறவர், படங்களைப் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ ஏதாவது சொன்னியா? இல்ல அவர் ஏதாவது சொன்னாரா?" என்று தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆபீஸ் விஷயம் என்று மழுப்பினேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அப்பா ஒரு மாடி, நீ ஒரு மாடி. நடுவுல தொங்கறது நான். யாராவது ஒருத்தர் பட்டனை அழுத்துங்க."

அந்தப் பட்டன், அதாவது மாமா கேட்ட ஆறடி மீன், கிடங்கில் இருக்கும் என்று நம்பினேன். அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் எண்பது இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இழுப்பறைகள். 'மீன்' என்று எழுதியிருந்த அத்தனை இழுப்பறையையும் மூன்று வாரம் திறந்து பார்த்தேன். தூசிதான் கிடைத்தது, கூடவே தும்மல். ஆறடி மீனின் ஒரு பல் கூட இல்லை.

பதினெட்டாம் தேதி காப்பாளர் வந்து நின்றார். "வயசு கிடைச்சுதா?"

"நாற்பத்தேழு."

"அவ்வளவுதானே? வேற ஏதாவது இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு, "வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

சொன்ன நிமிஷம் மனசு லேசாகிவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? மீன் செத்து நாலு கோடி வருஷம் ஆயிற்று, அது வழக்குப் போடப் போவதில்லை. ஒரு மனுஷர் நிம்மதியாகச் சாப்பிடட்டும். ஒரு பொம்பளை தன் பேரில் மீன் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளட்டும். பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன்.

நேரே மாமா அறைக்குப் போனேன். "மாமா, நான் அதை எழுதல. அட்டையில பெரிய மீனோட வயசு மட்டும்தான் வரும். சின்னது இருக்கிறபடியே இருக்கட்டும். நீங்க வெளிய வந்து எல்லாரோடயும் சாப்பிடுங்க."

முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"நீ அறுத்து ஒட்டின கண்ணாடித் தட்டு எல்லாம் எங்க?"

"என் இழுப்பறையில இருக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்னு வச்சிருக்கேன்."

அன்றைக்கும் அவர் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை. 'எறங்கி வந்தாலும் ஏறி உக்காருறாரே மனுஷர்' என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது வாசலில் மாமா நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. "நானும் வரேம்மா" என்றார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷத்தில் அவர் அந்தப் பக்கமே போனதில்லை. பஸ்ஸில் டிக்கெட்டை எனக்கும் சேர்த்து எடுத்தார்.

வாசல் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்ததைக்கூடக் கவனிக்காமல் நேரே அடித்தளத்துக்கு இறங்கினார். விளக்கைப் போட்டுவிட்டு நான் பின்னால் போனேன். மீன் அலமாரிகளைத் தாண்டினார். பறவை அலமாரிகளையும் தாண்டினார். கடைசி வரிசையில் ஓர் அலமாரிக்கு முன்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, அடி இழுப்பறையை இழுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'ஆமை ஓடு, உடைசல்' என்று எழுதியிருந்தது. மாமாவின் கையெழுத்து.

மேலே நிஜமாகவே ஆமை ஓடுதான். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். அடியில் பஞ்சு சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்து என் கையில் கொடுத்தார்.

என் முழங்கை நீளத்துக்கு ஒரு கீழ்த்தாடை. கூடவே ஐந்து செதில். மையத்தில் வழவழப்பு, ஓரத்தில் வரப்புப் புடைப்பு.

"எண்ணு" என்றார்.

எண்ணினேன். திரும்ப எண்ணினேன். "முப்பது, மாமா."

"நான் அன்னிக்கு நாலு தடவை எண்ணினேன்."

தரையிலேயே, அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பேசினது முழுக்க அந்தத் தாடையைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து இல்லை.

"உங்க அத்தை கண்டுபிடிச்ச அன்னிக்கே ரெண்டு கல்லு எடுத்துட்டு வந்தோம். ஒண்ணுல சின்ன மீன் தெரிஞ்சுது. இன்னொண்ணு உருண்டைக் கல்லு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதை பஸ்ல மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தது அவதான். சின்ன மீனைச் சுத்தம் பண்ணி, கட்டுரை எழுதி, ஏத்துக்கிட்டோம்னு பதிலும் வந்துடுச்சு. அதுக்கப்புறம் மூணு வாரம் கழிச்சுத்தான் இந்த உருண்டையை உடைச்சேன்."

"அப்ப..."

"எனக்கு அப்ப வேலை வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. புது இனம் ஒண்ணு பேர்ல இருந்தா நிரந்தரம் ஆகும்னு சொல்லியிருந்தாங்க. வீட்டுல உன் புருஷன் வயித்துல ஆறு மாசம். 'இது வேற ஏதோ மீன்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் நிதானமா பார்க்கலாம்னு இங்க வச்சேன். அந்த அப்புறம் முப்பத்தொரு வருஷம் வரவே இல்ல." தரையிலிருந்த ஆமை ஓடு ஒன்றை நகர்த்தி வைத்தார். "நேத்து நீ வந்து 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு சொன்னே பாரு. எனக்காக. உன் இழுப்பறையில வச்சிருக்கேன்னு. அதுதான் தாங்கல. நீ ஏம்மா இப்படி ஒண்ணைத் தலையில வச்சுக்கிட்டுத் திரியணும்? இது இருக்கிறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் உன்கிட்ட ஆறடி மீன் காட்டுன்னு கத்தினேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று வாரம் தும்மினவள் நான். ஆனால் மண்டியிட்டதில் அவர் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட கால்சட்டை. இதற்காக உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

"எழுந்திருங்க மாமா. அறுத்துப் பார்ப்போம்."

அன்று மதியம்வரை என் அறையில்தான் இருந்தார். செதிலைப் பிசினில் பதித்து இறுகக் காத்திருந்தோம். நான் அறுத்தேன், தேய்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். தட்டை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு விலகி நின்றேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். உதடு அசைந்தது. "பதினொண்ணு" என்றார். "ஆறாவது கோடு வரைக்கும் வழவழப்பு. ஏழுல புடைப்பு ஆரம்பிக்குது. என்ன அழகா ஆரம்பிக்குது பாரேன்."

ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கியபோது, "பாத்ரூமை எங்க மாத்தித் தொலைச்சாங்க?" என்று கேட்டார். காட்டினேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. காப்பாளரிடம் அவரே போய்ச் சொன்னார். அட்டை அச்சுக்குப் போவது நின்றது.

இனி அத்தையிடம் சொல்லியாக வேண்டும். நான் சொல்கிறேன் என்றேன். "அது என் வேலை" என்றுவிட்டார்.

அன்று மூன்று வாரத்துக்குப் பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அத்தை சந்தோஷமாகத் தட்டு வைத்தார். மாமா தட்டைத் தொடாமல், ஒன்றையும் மறைக்காமல், ஆமை இழுப்பறை வரைக்கும் சொல்லி முடித்தார். என் வீட்டுக்காரர் வாயில் வைத்ததை மெல்ல மறந்துவிட்டார்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "ஆக என் பேர்ல மீன் இல்ல."

"இல்ல."

"மூணு வயசுக் குழந்தை அது."

"ஆமா."

"பேர் போனா போகுது. நானா கேட்டு வாங்கினேன்? நீங்களா வச்சீங்க, நீங்களே எடுத்தீங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு மாறியது. "ஆனா அந்த உருண்டைக் கல்லை நாலு மணி நேரம் மடியில வச்சு, கால் மரத்துப்போய் தூக்கிட்டு வந்தவ நான். எத்தனை தடவை கேட்டேன் உங்ககிட்ட, அதுக்குள்ள என்னங்க இருந்துச்சுன்னு? ஒண்ணும் இல்ல, வெறும் கல்லுன்னு சொன்னீங்க. வேலைக்காக மறைச்சேன்னு அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, நான் என்ன ஊரைக் கூட்டியா சொல்லியிருப்பேன்? முப்பத்தொரு வருஷம் தனியா வச்சிருந்தீங்களே. என்னைப் பார்த்தா உங்களுக்கு அவ்வளவு வெளியாள் மாதிரியா இருந்துச்சு?"

இரண்டு நாள் அத்தை அவரோடு பேசவில்லை. காபி வரும், பேச்சு வராது. தையல் மெஷின் மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக ஓடியது. என் வீட்டுக்காரர், "நல்லவேளை, வீட்டுல லிஃப்ட் இல்ல. இருந்தா அப்பாவை உள்ள வச்சுக் கரண்டை நிறுத்தியிருப்பாங்க" என்றார்.

மூன்றாம் நாள் அத்தை என்னிடம் வந்தார். "அந்தப் பெரிய மீனை நான் சரியாப் பார்த்ததே இல்ல. அது யாரோ பேர் வச்ச மீன்னு திரும்பிப் பார்க்காம வந்துடுவேன். கூட்டிட்டுப் போறியா?"

புதுப்பிக்கிற வேலை நடந்துகொண்டிருந்ததால் கூடத்தில் ஆள் இல்லை. அத்தை செருப்பு சரசரக்காமல் காலைத் தூக்கி வைத்து நடந்தார். மூஞ்சியிலிருந்து வால்வரைக்கும் ஒரு முறை, வாலிலிருந்து மூஞ்சிவரைக்கும் ஒரு முறை போய் வந்தார். வயிற்றுப் பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவில் மெல்லிய தகடாக ஒன்று தெரிந்ததைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"காற்றுப்பை அத்தை. இந்த மீனுக்கு அதோட சுவரே எலும்பாட்டம் இறுகியிருக்கு. நுரையீரல் மாதிரி வேலை செய்யும். தண்ணியில காத்து பத்தலேன்னா மேல வந்து வாயைத் திறந்து மூச்சு விடும்."

"இவ்வளவு பெரிய உருவம் மேல வந்து மூச்சு விட்டா கரைக்கே கேட்டிருக்குமே."

"கேட்டிருக்கும்."

"கேக்கத்தான் ஆள் இல்ல." சின்ன மீனின் பெட்டிப் பக்கம் திரும்பினார். "இது எதனால செத்துச்சு?"

"தெரியல அத்தை. லட்சம் முட்டை போட்டா ஒண்ணு ரெண்டுதான் அந்த அளவுக்கு வளரும். மத்ததெல்லாம் முட்டையில, குஞ்சுல, இந்த வயசுலன்னு போயிடும்."

"வளராமப் போனதைத்தான் நான் எடுத்திருக்கேன்." கண்ணாடியில் கை வைத்து நின்றார். "வளர்ற பிள்ளைக்குத் துணி தைச்சா உள்ள மடிச்சு விட்டுத் தைப்போம். அடுத்த வருஷம் பிரிச்சு விடலாம்னு. இதுக்கும் எவ்வளவு மடிச்சு வச்சிருந்திருக்கு பாரு. பிரிக்கவே இல்ல."

வீட்டுக்குப் போனதும் மாமாவின் அறைக்குள் போய், "அந்தத் தாடையைக் கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்களா, இல்ல மறுபடியும் ஆமைக்கு அடியிலதானா?" என்று கேட்டார். அதோடு பேச்சு வந்துவிட்டது.

கட்டுரையை மாமாவும் நானும் சேர்ந்து எழுதினோம். வழவழப்பான செதில் எப்போது வரப்பாகிறது, பல் எப்படி முப்பத்தாறிலிருந்து முப்பதாகி இருபத்திரண்டாகிறது, முதல் பத்து வருஷத்தில் எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று படி படியாக வைத்தோம். தாடை இத்தனை வருஷம் எங்கே இருந்தது, யார் வைத்தது என்ற பத்தியை அவர் மட்டும் எழுதினார். 'தவறுதலாக இடம் மாறிவிட்டது' என்று போடலாமே என்று காப்பாளர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "இடம் மாறல. மாத்தினேன்" என்றார் மாமா.

எல்லாரும் கைதட்டவில்லை. கட்டுரை வந்த வாரமே, எங்கள் துறையில் இருக்கிற ஓர் இளம் ஆராய்ச்சியாளர், 'பென்ஷன் பத்திரமான பிறகு சிலருக்கு நேர்மை வருகிறது' என்று பொதுவில் எழுதினார். எனக்கு ரத்தம் கொதித்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். மாமா அந்த ஆராய்ச்சியாளர் எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கான்?" என்று திருப்பிக் கொடுத்தார். அன்று மதியம் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டார்.

கூடம் திறந்தபோது மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன. மூன்று வயசு, பதினொரு வயசு, நாற்பத்தேழு வயசு. பேர் ஒன்றுதான். அத்தை பேர் அட்டையின் அடியில், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, லத்தீன் வால் இல்லாமல். எழுத்து போதாது என்று அத்தைக்குக் குறை. ஆனாலும் துணி தைக்க வருகிறவர்களிடம் இப்போது மீன் மூச்சு விடுகிற சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார். யாரும் கேட்டதில்லை என்பதால் அவர் சொல்கிற சத்தம்தான் சத்தம்.

புதன்கிழமைகளில் இருவரும் என்னோடு பஸ்ஸில் வருகிறார்கள். தன் கையெழுத்து ஒட்டியிருக்கிற இழுப்பறை அத்தனையையும் திறந்து, உள்ளே இருப்பதும் மேலே எழுதியிருப்பதும் ஒன்றா என்று பார்த்துவிட வேண்டும் என்று மாமா காப்பாளரிடம் கேட்டு வாங்கிய வேலை. தனியாகத் திறக்கக் கூடாது என்பது அத்தை போட்ட நிபந்தனை. ஸ்டூல் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் சொல்வார், அத்தை எழுதிக்கொள்வார். போன வாரம் நான் இறங்கிப் போனபோது ஏதோ ஒரு விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு, "இது என்னன்னு எனக்கே தெரியல" என்றார் மாமா.

"அப்படியே எழுதிக்கவா?" என்றார் அத்தை.

"அப்படியே எழுது."